போலியா, வெளிவேடமா?

அமெரிக்க எழுத்தாளர் சிங்க்ளேர் லூயிஸ் 1927-இல் எழுதிய ‘எல்மர் கான்ட்ரி’ நாவலைப் பற்றிப் பேச்சு வந்தாலே ‘அது ஒரு போலி மதபோதகரின் கதை’ என்று சொல்லிவிடுகிறார்கள். போன வாரம் ஒரு வாசிப்புக் கூட்டத்தில் மறுபடியும் அதையே கேட்டேன். இனியும் சும்மா இருக்க முடியவில்லை.

பேச்சாளர் மனத்தில் இருந்த ஆங்கிலச் சொல் ‘ஹிப்போகிரைட்’. கிரேக்கத்தில் அதன் மூலச்சொல்லுக்கு மேடை நடிகர் என்று பொருள். முகமூடி போட்டுக்கொண்டு இன்னொருவராக நின்று பேசுகிறவர். புதிய ஏற்பாட்டில் அது பக்தியை நடித்துக் காட்டுகிறவர்களைக் குறித்தது. பிறகு பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போனது. சொல்லின் வரலாறு இவ்வளவுதான். சிக்கல் நம் பக்கத்தில்தான்.

‘போலி’ என்று நாம் எதைச் சொல்கிறோம்? போலி மருத்துவர் என்றால் மருத்துவம் படிக்காதவர். போலிச் சான்றிதழ் என்றால் பல்கலைக்கழகம் கொடுக்காதது. ஆக, தகுதி பொய், ஆள் அசல் இல்லை. நாவலின் நாயகன் எல்மர் அப்படியா? இறையியல் கல்லூரியில் படித்தவன். பாப்டிஸ்ட் சபையில் முறைப்படி குருப்பட்டம் பெற்றவன். பிற்பாடு மெதடிஸ்ட் சபை அவனைச் சேர்த்துக்கொண்டு, சிற்றூரில் தொடங்கிப் பெரிய நகரத்துச் சபை வரைக்கும் ஏற்றிவிட்டது. அவனிடம் இருக்கும் காகிதம் ஒன்றுகூடப் பொய்யில்லை. குடியும் பெண்பித்தும் பதவி ஆசையும் அந்த அசல் அங்கிக்குள்ளேதான் இருக்கின்றன.

இலக்கணத்தில் வரும் போலியையும் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். நிலம் ‘நிலன்’ ஆகும், அகம் ‘அகன்’ ஆகும். எழுத்து மாறும், பொருள் மாறாது. எல்மரிடம் நடப்பது நேர் எதிர். எழுத்து அப்படியே இருக்கிறது, பொருள்தான் கெட்டுப்போயிருக்கிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. போலி என்று சொன்னதும் வாசகர் என்ன நினைப்பார்? எவனோ ஒரு மோசடிக்காரன் உள்ளே புகுந்துவிட்டான், பிடித்து வெளியே தள்ளினால் சபை சுத்தமாகிவிடும் என்றுதானே? லூயிஸ் எழுதியது அவனை வளர்த்துவிட்ட சபையைப் பற்றி. கன்சாஸ் சிட்டியில் போதகர்களோடு பழகி, அவர்கள் பேச்சைக் கேட்டுத்தான் எழுதினார். புத்தகம் வந்ததும் பாஸ்டனில் தடை, பிரசங்க மேடைகளில் கண்டனம். ஒரு போலியைப் பற்றிய கதையாக இருந்திருந்தால் அசல் போதகர்களுக்கு அவ்வளவு கோபம் ஏன் வரப்போகிறது?

சரி, வேறு சொல் என்ன? ‘பாசாங்கு’ அந்த நேரத்துக்கானது. பள்ளிக்குப் போகாமலிருக்கக் குழந்தை வயிற்றுவலி என்று சொல்வது பாசாங்கு. ‘இரட்டை வேடம்’ என்றால் சினிமாதான் நினைவுக்கு வரும். பழைய தமிழ் வேதாகமத்தின் ‘மாயக்காரர்’ எனக்கு மிகவும் பிடித்த சொல், ஆனால் இன்றைய பிள்ளைகளுக்கு அது மந்திரவாதி. வள்ளுவர் இதற்கென்றே ‘கூடாவொழுக்கம்’ என்று ஓர் அதிகாரம் வைத்திருக்கிறார். வெளியே குன்றிமணிபோல் சிவந்திருந்தாலும் உள்ளே அதன் மூக்குப்போல் கறுத்தவர்கள் உண்டு என்கிறார். எல்மருக்கு அளந்து தைத்த சட்டை மாதிரி இருக்கிறது. ஆனாலும் இன்று கூடாவொழுக்கம் என்று எழுதினால் பொதுவாகக் கெட்ட நடத்தை என்றுதான் படிப்பார்கள்.

என் தேர்வு ‘வெளிவேடம்’. வேதாகமத்தின் பொது மொழிபெயர்ப்பில் பரிசேயர்கள், அதாவது இயேசு காலத்து யூத மதப் பிரிவினர், ‘வெளிவேடக்காரர்’ என்றே திட்டு வாங்குகிறார்கள். மூலச்சொல்லில் இருக்கும் நடிகர் இதில் அப்படியே இருக்கிறார். ‘வெளி’ என்றதும் உள்ளே வேறொன்று இருப்பதும் தெரிந்துவிடுகிறது. ‘வேடம்’ வடசொல்லாயிற்றே என்பவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். பெரியபுராணத்தில் சேக்கிழாரே ‘பொய்தவ வேடம்’ என்று எழுதியிருக்கிறார். அவருக்கு உறுத்தாத சொல் நமக்கு ஏன் உறுத்த வேண்டும்? அங்கே சொல்லப்படுகிற முத்தநாதன் சிவனடியார் வேடத்தில், புத்தகக் கட்டுக்குள் ஆயுதத்தை ஒளித்துக்கொண்டு மெய்ப்பொருள் நாயனாரைக் கொல்ல வந்தவன். அவனைத் தாராளமாகப் போலி அடியார் எனலாம். எல்மருக்கு அது பொருந்தாது.

மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியில் முதலில் கிடைக்கும் சொல்லோடு நின்றுவிடுகிறார்கள். புத்தகத்தின் கடைசிப் பக்கத்தையாவது ஒருமுறை படித்திருக்கலாம். பெரிய அவமானத்திலிருந்து தப்பிய எல்மர், இனி பெண்ணாசையே வேண்டாம் என்று சபதம் செய்துவிட்டு, சபையார் நடுவே மண்டியிட்டு உருகி ஜெபிக்கிறான். பாடகர் குழுவின் பக்கம் திரும்பும்போது, புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணின் அழகான கணுக்கால் கண்ணில் படுகிறது. இவளோடு நன்றாகப் பழக வேண்டும் என்று மனம் குறித்துக்கொள்கிறது. ஜெபம் ஒரு நொடிகூடத் தடைபடவில்லை.