ஜூக்பாக்ஸில் பாட்டு அலைகிறதா? தேய்ந்த பாகத்தைக் காதாலேயே பிடிக்கலாம்

காசு போட்டால் இசைத்தட்டை ஓட்டும் பழைய ஜூக்பாக்ஸில் பாட்டின் சுருதி அலைந்தால், ஸ்பேனரை எடுப்பதற்கு முன் அது எத்தனை நொடிக்கு ஒருமுறை அலைகிறது என்று எண்ணுங்கள். 1949-இல் ஆர்சிஏ விக்டர் நிறுவனம் கொண்டுவந்த, நிமிடத்துக்கு 45 சுற்று ஓடும் இசைத்தட்டு ஒருமுறை சுற்ற 1.33 நொடி ஆகும். பல இயந்திரங்களில் மோட்டார் புல்லிக்கும் சுழல்மேடை விளிம்புக்கும் நடுவே ரப்பர் விளிம்புள்ள ஐட்லர் சக்கரம் அழுந்தி நின்று மேடையைச் சுற்றுகிறது. விளிம்பின் விட்டம் 200 மி.மீ., ஐட்லரின் விட்டம் 50 மி.மீ. என்றால் ஐட்லர் நொடிக்கு 3 முறை சுற்றும். அதே கதியில் 'டக் டக்' என்று கேட்டால் ஐட்லர் ஓரிடத்தில் தட்டையாகிவிட்டது. 1.33 நொடிக்கு ஒருமுறை என்றால், முதலில் வேறு இசைத்தட்டைப் போட்டுப் பாருங்கள். அப்போதும் அலைந்தால் மேடையையும் அதன் ஷாஃப்ட்டையும் (சுழலும் தண்டு) சோதிக்க வேண்டும்.

பல வருடம் ஒரே இடத்தில் அழுந்திக் கிடந்ததால்தான் ரப்பர் தட்டையாகிறது. காற்றிலுள்ள ஆக்சிஜன் அதைக் கெட்டியாக்குவதால் வழுக்கவும் செய்யும். மேலோட்டமான பளபளப்பு என்றால் சக்கரத்தைச் சுழலவிட்டு 220 உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும். ஐட்லர் கொஞ்சம் சிறுத்தாலும் வேகம் மாறாது. வேகத்தைத் தீர்மானிப்பவை புல்லியின் விட்டமும் விளிம்பின் விட்டமும் மட்டுமே. ரப்பர் வெடித்திருந்தால் பழையதை நீக்கி, பாலியூரித்தேன் வார்த்து, லேத்தில் அதன் சொந்த அச்சிலேயே வட்டமாகக் கடைய வேண்டும்.

அடுத்தது புஷ், அதாவது ஷாஃப்ட்டைத் தாங்கும் உருளை வடிவ உறை. ஷாஃப்ட்டைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் ஷாஃப்ட்டின் தேயாத முனையையும் புஷ்ஷுக்குள் ஓடும் இடத்தையும் மைக்ரோமீட்டரில் அளந்து ஒப்பிடுங்கள். ஷாஃப்ட் தேயவில்லையென்றால் புஷ்ஷை மட்டும் மாற்றலாம். எண்ணெய் ஊறிய வெண்கலப் புஷ்ஷைச் சுத்தியலால் அடிக்காமல் வைஸில் நேராக அழுத்தி ஏற்றுங்கள். ஏற்றும்போது உள்துளை சற்றுச் சுருங்கும் என்பதால், சரியான விட்டமுள்ள வழவழப்பான எஃகுத் தண்டை உள்ளே வைத்து அழுத்துவது நல்லது. துளையைப் பெரிதாக்கும் ரீமரைப் போட்டால் எண்ணெய் கசியும் நுண்துளைகள் அடைபடும். இந்தப் புஷ்களை மண்ணெண்ணெயில் கழுவினால் உள்ளிருக்கும் எண்ணெயும் போய்விடும். மறுபடி எண்ணெயில் ஊறவைத்தே மாட்ட வேண்டும்.

இசைத்தட்டை எடுத்துவைக்கும் இயந்திரக் கை பாதியில் நின்றால், பெரும்பாலும் குற்றவாளி கோந்தாக இறுகிய பழைய கிரீஸ்தான். தேய்மானத்தை மறைக்கச் சரிசெய்யும் திருகுகளைத் திருகுவது மிக மோசமான வேலை: ஒன்றைத் திருகினால் அடுத்தது பிசகும். முதலில் சுத்தம், பிறகு ஆட்டத்தை நீக்குவது, கடைசியில்தான் திருகுகள்.

60 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்குச் செய்த அமெரிக்க இயந்திரத்தை நம் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ஓட்டினால், தேய்மானமே இல்லாவிட்டாலும் 45 சுற்று சுமார் 37.5 ஆகிவிடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டேஜை மாற்றுமே தவிர ஹெர்ட்ஸை மாற்றாது. புல்லியின் விட்டம் 1.2 மடங்காக வேண்டும்.