ஏசியில் 24 டிகிரி: யாருக்கு இந்த விதி?

கடையில் ஏசியை 24க்குக் கீழே வைத்தால் அபராதம் உண்டா? கிடையாது. விதி ஏசி செய்கிறவருக்கு, ரிமோட் வைத்திருப்பவருக்கு அல்ல.

2020 ஜனவரி 1 முதல் இங்கே தயாராகும், இறக்குமதியாகும் ஸ்டார் முத்திரை பெற்ற அறை ஏசிகளில், ஆன் செய்ததும் தானாக வரும் இயல்பு வெப்பநிலை 24 டிகிரியாக இருக்க வேண்டும் என்று மத்திய மின் துறை 2019 அக்டோபரில் அறிவித்தது. ஸ்ப்ளிட், ஜன்னல் ஏசிகளில் சுமார் 3 டன் வரை இதில் அடங்கும். பிறகு 20க்கு இறக்குவதும் 26க்கு ஏற்றுவதும் உங்கள் விருப்பம். 2025 ஜூனில் மின் துறை அமைச்சர் மனோகர் லால், ஏசியை 20-28 டிகிரிக்குள் அடக்கப்போவதாகச் சொன்னாரே, அது வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

ஏன் 24? ஒரு டிகிரி ஏற்றினால் சுமார் 6 சதவீதம் மின்சாரம் மிச்சம் என்பது எரிசக்தித் திறன் அமைப்பான பி.இ.இ.யின் கணக்கு. "18ல் வைத்தால் சீக்கிரம் குளிரும்" என்று கடைப்பையன் சொல்வான். கம்ப்ரசரின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் வசதி இல்லாத ஏசியில், கம்ப்ரசர் எப்போதும் ஒரே வேகம்தான். 24ஐ எட்டும் நேரம் மாறாது. 18ஐத் தேடி நிற்காமல் ஓடும், அவ்வளவுதான்.

பெரிய வணிகக் கட்டடங்களுக்கு வேறு சட்டம். 2007ல் வந்து 2017ல் திருத்தப்பட்ட எரிசக்திச் சிக்கனக் கட்டட விதித்தொகுப்பு, 100 கிலோவாட் மின்பளு அல்லது 120 கேவிஏ ஒப்பந்தத் தேவையை (மின்வாரியத்திடம் ஒப்பந்தம் செய்துகொள்ளும் உச்ச அளவு) தொடும் புதிய கட்டடங்களுக்கானது. கூரை, கண்ணாடி, சில்லர் (மைய ஏசிக்கு நீரைக் குளிர்விக்கும் இயந்திரம்), விளக்கு எல்லாவற்றுக்கும் அதில் அளவுகோல் உண்டு. மாநில அரசு அறிவிக்கை செய்தால்தான் அந்த மாநிலத்தில் கட்டாயம். கட்டி முடித்த பழைய கட்டடத்தை இடிக்கச் சொல்லி யாரும் வரமாட்டார்கள்.

24 டிகிரி விதி காற்றின் தரத்தைப் பற்றிப் பேசுவதே இல்லை. சாதாரண ஸ்ப்ளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. அறைக்குள் இருப்பதையே திரும்பத் திரும்பக் குளிர்விக்கும். பத்துப் பேர் உட்கார்ந்த சின்ன ஆபீஸில் மதியம் 3 மணிக்குக் கொட்டாவி வந்தால் சாப்பாட்டை மட்டும் திட்டாதீர்கள். அறையில் கரியமில வாயுவும் ஏறியிருக்கும். டிகிரியைக் குறைத்தால் அது போகாது. எக்ஸாஸ்ட் ஃபேன் போட்டு, எதிர்ப்புறம் காற்று நுழைய ஒரு வழியும் விட வேண்டும்.