பட்டாம்பூச்சி வேண்டும், புழு வேண்டாமா?

மும்பையை ஒட்டிய தானே நகரில் ஹவுசிங் சொசைட்டிகளுக்கும் தனி வீடுகளுக்கும் தோட்டம் போட்டுக் கொடுப்பது என் தொழில். "பட்டாம்பூச்சி வர்ற மாதிரி ஒரு மூலை வேணும்" என்று கேட்டு வருகிறவர்கள் இப்போது நிறைய. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓவளேகர் வாடி பட்டாம்பூச்சித் தோட்டத்துக்குப் போய்விட்டு வாருங்கள், செடிப் பட்டியலை அப்புறம் பேசலாம் என்று சொல்லி அனுப்புவேன்.

கோட்பந்தர் ரோட்டில் ஓவளா கிராமத்தில் இருக்கிறது அந்தத் தோட்டம். ஒரு குடும்பத்தின் சொந்த நிலம், சுமார் இரண்டு ஏக்கர். கட்டணம் வாங்கிக்கொண்டு பொதுமக்களை உள்ளே விடுகிறார்கள். வலைக்கூண்டோ கண்ணாடி அறையோ கிடையாது. பட்டாம்பூச்சிகள் தாமாக வரும், போகும். அப்படி வந்து பதிவானவை 100 வகைக்கு மேல். பக்கத்திலேயே யேவூர் மலையும் சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவும் இருக்கின்றன, அதனால்தான் என்று சிலர் சொல்வார்கள். காடு பக்கத்தில் இருப்பது பெரிய உதவிதான். ஆனால் அதே காட்டை ஒட்டி நிற்கிற அடுக்குமாடிகளின் வெட்டிவிட்ட புல்தரையில் ஒன்றையும் காணோமே!

போய்வந்தவர்கள் என்னிடம் சொல்லும் முதல் குறை: "நல்லாத்தான் இருக்கு, ஆனா இலையெல்லாம் ஓட்டையா இருக்கே." அந்த ஓட்டையைப் பார்த்துவிட்டு வரட்டும் என்றுதான் அனுப்பினேன். பூவில் தேன் குடிப்பது வளர்ந்த பூச்சி. அது முட்டையிடத் தேடுவது தன் புழு தின்னக்கூடிய இலையை. பூச்செடி மட்டும் வைத்த தோட்டத்துக்குப் பட்டாம்பூச்சி விருந்தாளியாக வரும், குடித்தனம் நடத்தாது.

அங்கே போனால் எலுமிச்சைச் செடி அருகில் கொஞ்சம் நில்லுங்கள். இலைமேல் குருவி எச்சம் மாதிரி கறுப்பும் வெள்ளையுமாக ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிட வேண்டாம். அது எலுமிச்சை அழகி என்ற பட்டாம்பூச்சியின் இளம் புழுவாக இருக்கலாம். பறவையை ஏமாற்றப் போட்ட வேஷம் அது. சில நாளில் தோலுரித்துப் பச்சையாகிவிடும். அந்தப் பருவத்தில் சீண்டினால் தலைக்குப் பின்னாலிருந்து கவை போன்ற கொம்பை நீட்டும், கூடவே ஒரு வாடை வரும். தொட்டுப் பார்க்கச் சொல்லவில்லை. பிள்ளைகள் எப்படியும் தொட்டுவிடுவார்கள் என்பதால் சொல்லி வைக்கிறேன்.

2015-இல் மகாராஷ்டிரம் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவித்த நீல அழகிக்கும் எலுமிச்சைக் குடும்பத்துச் செடிகள்தான் சாப்பாடு. கறிவேப்பிலை வைத்தால் கறிவேப்பிலை அழகி, எருக்கு வைத்தால் வெந்தய வரியன், ஈஸ்வரமூலி வைத்தால் சிவப்புடல் அழகி. ஈஸ்வரமூலியின் நஞ்சைத் தின்று வளர்வதால் சிவப்புடல் அழகியைப் பறவைகள் தொடுவதில்லை. கறிவேப்பிலை அழகியின் பெட்டைகளில் சில இதன் நிறத்தைக் காப்பியடித்துத் தப்பித்துக்கொள்ளும். பூவே இல்லாத இடத்தில்கூடக் கூட்டம் இருக்கும். ஈர மண்ணில் உப்புச்சத்து உறிஞ்சும் சில, அழுகிய பழத்தில் மொய்க்கும் சில. காய்ந்த கிலுகிலுப்பைச் செடியை வரியன்களின் ஆண்கள் சுரண்டிக்கொண்டிருக்கும். இவற்றைத்தான் நம் சொசைட்டிகளில் குப்பை என்று வாரிக் கொட்டுகிறோம்.

மருந்து விஷயத்தில்தான் எனக்குத் தலைவலி. ஒரு சொசைட்டியில் எல்லாச் செடியும் சரியாக வைத்தும் புழு தங்கவில்லை. விசாரித்தால் மாலி, அதாவது தோட்டக்காரர், வாராவாரம் வேப்பெண்ணெய் அடிக்கிறார். "இயற்கை மருந்துதானே சார்" என்றார். இயற்கைதான். புழு தின்பதையும் தோலுரிப்பதையும் தடுக்கும் என்றுதானே விவசாயிகளே அதை அடிக்கிறார்கள்! கத்தரியைத் துளைக்கும் புழு வேறு, பட்டாம்பூச்சிப் புழு வேறு என்றெல்லாம் அதற்குத் தெரியாது. நர்சரியிலிருந்து வரும் கறிவேப்பிலை, எலுமிச்சைக் கன்றுகளிலும் உள்ளே ஊடுருவும் பூச்சிமருந்து இருக்க வாய்ப்புண்டு. வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். சந்தேகம் இருந்தால், புதுத் துளிர்கள் நன்றாக வரும்வரை அதில் புழுவை எதிர்பார்க்க வேண்டாம்.

சுற்றிப் பார்க்க மழை ஓய்ந்த பிறகு வரும் மாதங்கள் நல்லவை. வெயில் ஏறி உடம்பு சூடான பிறகுதான் பட்டாம்பூச்சி பறக்கும், அதனால் விடியற்காலையிலேயே ஓட வேண்டாம். மேகமூட்டமான நாளில் போனால் ஏமாற்றம்தான். போனைத் தூக்கிக்கொண்டு துரத்துவதைவிட ஈர மண் பக்கம் சும்மா நிற்பவருக்கு நல்ல படம் கிடைக்கும்.

போய்வந்ததும் சிலர் உண்ணிச்செடி வேண்டும் என்று அடம்பிடிப்பார்கள். பூச்சி மொய்க்கும், உண்மைதான். ஆனால் மத்திய, தென் அமெரிக்கப் பகுதிகளிலிருந்து வந்து நம் காடுகளை அடைத்துக்கொண்ட செடி அது. பழத்தைத் தின்னும் பறவைகள் விதையைக் காடுவரை கொண்டுபோய்ப் போடும். நான் அதை நடுவதில்லை. வெட்சி வைக்கிறேன். இந்தப் பக்கத்து நர்சரிகளில் இக்ஸோரா என்று கேட்டால் எடுத்துக் கொடுப்பார்கள்.