பிரேம் போடுமுன் வெள்ளை ஓரத்தைப் பாருங்கள்

பழைய காகிதப் படங்களைச் சீர்செய்வது என் தொழில். ஜப்பானிய மரக்கட்டை அச்சுப் படங்கள் எப்போதாவதுதான் மேசைக்கு வரும். பலவற்றில் படம் பத்திரமாக இருக்கும். சுற்றியிருந்த வெள்ளை ஓரம் இருக்காது. பிரேமுக்குள் அடங்கவில்லை என்று யாரோ கத்தரித்திருப்பார்கள்.

ஹிரோஷி யொஷிதாவின் படமாக இருந்தால் அது பெரிய நஷ்டம். 1876இல் கியூஷு தீவின் குருமேயில் பிறந்தவர். மலையும் நீரும் தீட்டுகிற ஓவியராகத்தான் தொடங்கினார். 1899இல் நண்பர் ஒருவரோடு அமெரிக்கா போய், டெட்ராய்ட் அருங்காட்சியகத்தில் நீர்வண்ணப் படங்களைக் காட்சிக்கு வைத்து விற்றார். அச்சுப் பக்கம் முழுமூச்சாகத் திரும்பியபோது வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. 1920 முதல் டோக்கியோ பதிப்பாளர் வதனபே ஷோசாபுரோவுக்கு வரைந்து கொடுத்தார். 1923 நிலநடுக்கத்தைத் தொடர்ந்த தீயில் அந்தப் பதிப்பகத்தின் கட்டைகளும் படங்களும் எரிந்துபோயின.

1925இல் சொந்தப் பட்டறை வைத்தார். ஓவியர் வரைவார், இன்னொருவர் செதுக்குவார், மற்றொருவர் அச்சடிப்பார், கடைசிச் சொல் பதிப்பாளருடையது. அதுதான் ஜப்பானில் பழைய வழக்கம். யொஷிதா செதுக்குபவரையும் அச்சடிப்பவரையும் தன் கண் முன்னே வைத்துக்கொண்டார். தானும் உளி பிடித்தார். ஒரு படத்துக்கு முப்பது தடவைக்கு மேலும் வண்ணம் ஏற்றியதுண்டு. 1926இல் செத்தோ உள்கடலின் பாய்மரப் படகுகளை அச்சிட்டபோது, அதே கட்டைகளில் வண்ணத்தை மாற்றி மாற்றிக் காலை, மூடுபனி, மாலை, இரவு என்று பொழுதுகளையே மாற்றிக் காட்டினார். என்னைக் கேட்டால், ஓவியர் என்பதைவிட இந்தப் பிடிவாதக்கார அச்சுக்காரர்தான் பெரியவர். பிற்பாடு இந்தியாவுக்கும் வந்தார். தாஜ்மகாலோடு மதுரைக் கோயிலும் அவருடைய அச்சுகளில் உண்டு.

தன் மேற்பார்வையில் அச்சானவற்றின் இடப்பக்க ஓரத்தில் ‘ஜிசூரி’ (தானே அச்சிட்டது) என்ற முத்திரை குத்துவார். கீழ் ஓரத்தில் ஆங்கிலத்தில் பென்சில் கையெழுத்து இருக்கும். 1950இல் அவர் காலமான பிறகும் குடும்பத்தார் அதே கட்டைகளில் அச்சிட்டார்கள். அவற்றில் ஜிசூரி இருக்காது. கையெழுத்தும் பென்சில் போலத் தெரிகிற முத்திரைதான். அவை போலி அல்ல, ஆனால் விலை வேறு. வதனபே வெளியிட்டவற்றிலும் ஜிசூரி கிடையாது என்பதால், முத்திரை இல்லை என்ற ஒன்றை வைத்து எதையும் முடிவுகட்டக் கூடாது. ஓரமே போய்விட்டால் இந்த விசாரணைக்கே இடமில்லை.

ஆகவே, பிரேம் கடையில் கொடுக்கும் முன் நான்கு ஓரங்களையும் பின்பக்கத்தையும் போட்டோ எடுத்து வையுங்கள். படத்தை வெட்ட வேண்டாம், பிரேமைப் பெரிதாகப் போடுங்கள் என்று சொல்லிவிடுங்கள். அட்டையில் முழுதாக ஒட்டக் கூடாது. செலோடேப்பும் பெவிகாலும் வேண்டவே வேண்டாம். டேப்பின் பழுப்புக் கறையை எடுப்பதற்குள் எனக்கே உயிர் போய்விடும். அமிலமில்லாத அட்டையில், மேல்விளிம்பில் மட்டும் மெல்லிய ஜப்பானியத் தாள் கீல் (படத்தைத் தாங்கும் சிறு பட்டை) இரண்டு, ஒட்டுவதற்குக் கோதுமை ஸ்டார்ச் பசை. கண்ணாடி படத்தைத் தொடாதபடி நடுவில் மவுண்ட் (சன்னல் போல வெட்டிய அட்டை) இருக்க வேண்டும்.

வெயில் படும் சுவர் ஆகாது. வெளுத்த நீலத்தை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது. பழைய பிரேமின் பின்பலகையில் கடைச் சீட்டு ஏதும் ஒட்டியிருந்தால், அதையும் ஒரு உறையில் போட்டுப் படத்தோடு வையுங்கள். எந்த ஊரில் வாங்கியது என்று தேடும்போது உதவும்.