மர வீடும் கான்கிரீட் வீடும்: மொரீஷியஸில் விலை எங்கே தவறுகிறது?

1960 பிப்ரவரி இறுதியில் கரோல் புயல் மொரீஷியஸைக் கடந்தபோது, காற்றின் உச்ச வேகம் மணிக்கு 256 கிலோமீட்டரை எட்டியது. மரத்தாலும் தகரத்தாலும் வைக்கோலாலும் ஆன பல பத்தாயிரம் வீடுகள் சிதைந்தன. அதன் பிறகு தீவு கான்கிரீட்டுக்கு மாறியது. அந்தப் புயலின் நினைவு இன்றும் வீட்டு விலையில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. போர்ட் லூயிஸிலோ ரோஸ் ஹில்லிலோ ஒரு பழைய மர வீடு விற்பனைக்கு வந்தால், மனைக்கு ஒரு விலை போட்டு, இடிக்கும் செலவை அதில் கழிப்பதே பலருக்கும் முதலில் தோன்றும் கணக்கு. அந்தக் கணக்கில் ஓர் உண்மை இருக்கிறது. ஆனால் அது முழு உண்மை அல்ல.

முதலில் அந்த உண்மையைப் பார்ப்போம். காற்று தரும் அழுத்தம் அதன் வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப உயர்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் அழுத்தம் நான்கு மடங்கு. கரோலின் உச்ச வேகத்தில், ஒரு சதுர மீட்டர் பரப்பின் மீது ஏறக்குறைய 315 கிலோ எடைக்குச் சமமான விசை விழுந்திருக்கும். கூரையின் மேல் காற்று வளைந்து ஓடும்போது இதே அளவிலான விசை கூரையை மேல்நோக்கி உறிஞ்சுகிறது. விளிம்புகளிலும் மூலைகளிலும் உறிஞ்சல் இன்னும் கடுமை. காற்று வரும் பக்கத்துச் சன்னல் ஒன்று உடைந்துவிட்டால், உள்ளே புகுந்த காற்றும் கூரையை அடியிலிருந்து தள்ளும். நெளித்தகரம் சதுர மீட்டருக்குச் சுமார் 5 கிலோதான். 15 சென்டிமீட்டர் கனமுள்ள கான்கிரீட் தளமோ 360 கிலோ. தகரக் கூரை ஆணியின் பிடியை நம்பி நிற்கிறது; கான்கிரீட் தளம் தன் எடையிலேயே பெரும்பாலும் நின்றுவிடுகிறது. கரோலுக்குப் பிறகு நம் தாத்தா பாட்டிகள் கான்கிரீட்டைத் தேடிப் போனதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

இனி விலை. ஒரு வீட்டுக்கு நாம் கொடுக்கும் பணத்தில் மண்ணின் விலையும் கட்டடத்தின் விலையும் கலந்திருக்கின்றன. மண் தேய்வதில்லை, கட்டடம் தேய்கிறது. கணக்குக்காக இப்படி வைத்துக்கொள்வோம்: மனை 40 லட்சம், அதில் கட்டிய கான்கிரீட் வீடு 40 லட்சம், வீட்டின் ஆயுள் 60 ஆண்டு. பணவீக்கத்தைக் கழித்தபின் மண் ஆண்டுக்கு 2 சதவீதம் உயர்ந்தால், 30 ஆண்டு கழித்து மனை சுமார் 72 லட்சம்; வீடு பாதி தேய்ந்து 20 லட்சம். மொத்தம் 92 லட்சம். "வீட்டின் விலை ஏறிவிட்டது" என்று குடும்பம் மகிழ்கிறது. உண்மையில் ஏறியது மண், வீடு பாதியாகக் குறைந்திருக்கிறது. பழைய வீடு, புது வீடு என்று ஒப்பிடுகிறவர்கள் இந்த இரண்டையும் பிரிக்காமல் பேசினால் அந்தப் பேச்சால் பயன் இல்லை.

கான்கிரீட் எப்படித் தேய்கிறது என்பது கண்ணுக்குத் தெரியாததால்தான் அதை எவரும் விலையில் சேர்ப்பதில்லை. புதிய கான்கிரீட் கடுமையான காரத்தன்மை கொண்டது. அதன் பிஎச் அளவு 12-க்கும் மேல். அந்தக் காரம் உள்ளே இருக்கும் கம்பியின் மீது மெல்லிய காப்புப் படலத்தை உருவாக்குகிறது. காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு ஆண்டுக்கணக்கில் நுண்துளைகள் வழியே உள்ளே இறங்கி அந்தக் காரத்தை நடுநிலையாக்குகிறது. பிஎச் 9-ஐ நெருங்கும்போது படலம் அழிகிறது. ஈரம் சேர்ந்ததும் துரு தொடங்குகிறது. துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு முதல் ஆறு மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அது உள்ளிருந்து தள்ளத் தள்ள, கான்கிரீட் வெடித்துச் சில்லுசில்லாக உதிர்கிறது.

கார்பன் டை ஆக்சைடு இறங்கும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அதனால் கம்பிக்கு மேலே கொத்தனார் விட்ட கான்கிரீட்டின் கனம் பாதியானால், பாதுகாப்புக் காலம் பாதியாகாது, கால் பங்காகிவிடும். 30 மில்லிமீட்டர் கனம் 60 ஆண்டு தாங்கும் என்றால், 15 மில்லிமீட்டர் 15 ஆண்டுதான். வாங்கும்போது குளியலறையின் தரை ஓடுகளைத் தட்டிப் பார்க்கிறோம். இந்தக் கனத்தை அளக்கச் சொல்லிக் கேட்பதில்லை.

மொரீஷியஸில் இன்னொரு பகையும் உண்டு. கரைக்கும் பவளத்திட்டுக்கும் இடையிலான ஆழமற்ற கடலான லகூனிலிருந்து பவள மணல் எடுப்பது 2001-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு எரிமலைக்கல்லை உடைத்த மணலே பயன்படுகிறது. அதற்கு முந்தைய வீடுகளில் சரியாகக் கழுவாத கடல் மணல் கலந்திருந்தால், உப்பு முதல் நாளிலிருந்தே கம்பிக்கு அருகில் இருக்கிறது. மொட்டைமாடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பிகளையும் நினைத்துப் பாருங்கள். மகனுக்கு மேலே ஒரு வீடு என்ற அந்த நம்பிக்கைக்குச் சந்தையில் நிஜமான மதிப்பு உண்டு. கட்டிய தளம் அடுத்த மாடிக்கு மனையாகிறது. ஆனால் மூடாமல் மழையில் விட்ட கம்பி துருப்பிடித்து மெலிந்துகொண்டே போகிறது. அதைத் தூண்களுக்கு ஆதாரமாக நம்பும் நாளில் அதில் எவ்வளவு இரும்பு மிச்சமிருக்கும்?

மர வீட்டின் தேய்மானம் வேறு வகை. மரத்தின் ஈரம் 20 சதவீதத்துக்குக் கீழ் இருந்தால் பூஞ்சையால் அதை அழுகச் செய்ய முடியாது. எரிமலைக்கல் மேடையின் மீது வீட்டை உயர்த்திக் கட்டிய பழைய தச்சர்களுக்கு இந்தக் கணக்கு தெரியாமல் இருக்கலாம், பலன் தெரிந்திருந்தது. 1735-இல் பிரெஞ்சு ஆளுநராக வந்த லாபூர்தொன்னே புதுச்சேரியிலிருந்து கைவினைஞர்களை வரவழைத்தார். இந்தத் தீவின் கட்டட வரலாற்றில் தமிழ்க் கைகள் தொடக்கத்திலேயே இருக்கின்றன. ஒரு பழைய வீட்டை வெறும் விறகாகப் பார்க்கும்போது எனக்கு வலிப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

வெப்பக் கணக்கில் மர வீடு முந்துகிறது. நண்பகல் வெயிலை வாங்கிய கான்கிரீட் தளம் அதை அடிப்பக்கம் கொண்டுவர நான்கைந்து மணி நேரம் எடுக்கிறது. அதனால் போர்ட் லூயிஸில் மாலை வேலை முடிந்து வீடு திரும்பும்போதுதான் அறை கொதிக்கிறது, மின்விசிறி அந்தச் சூட்டையே சுற்றி வீசுகிறது. வராங் எனப்படும் திறந்த தாழ்வாரம் சுவரில் வெயில் படாமல் தடுக்கிறது. உயர்ந்த கூரைக்கும் உத்தரத்துக்கும் இடையிலான காற்று சூட்டைத் தாமதப்படுத்துகிறது. மெல்லிய மரச்சுவர் சூரியன் சாய்ந்ததுமே குளிர்ந்துவிடுகிறது. கியூர்பிப்பில் இந்தக் கணக்கு மாறும். சுமார் 550 மீட்டர் உயரம், விடாத மழை, ஈரக்குளிர். அங்கே மரம் காய்வதே பெரும்பாடு. ஊரைச் சொல்லாமல் எந்த வீடு மேல் என்று சொல்ல முடியாது.

பழமைக்கென்று தனி விலை உண்டா? 1974-இல் பொருளியலாளர் ஷெர்வின் ரோசன் ஒரு வழியைக் கோட்பாடாக்கினார். பல வீடுகளின் விற்பனை விலைகளை எடுத்து, பரப்பு, இடம், அறைகள், வயது என ஒவ்வொரு பண்புக்கும் எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று புள்ளியியலால் பிரிப்பது. இதில் ஒரு மயக்கத்துக்கு இடம் தரக் கூடாது. நாம் இன்று பார்க்கும் பழைய வீடுகள், கரோலும் 1975-இன் ஜெர்வேஸ் புயலும் விட்டுவைத்தவை. "அந்தக் காலத்தில் எல்லாவற்றையும் உறுதியாகக் கட்டினார்கள்" என்று அவற்றை வைத்து முடிவு செய்வது தவறு. உறுதியில்லாதவை நம் கண்ணில் படவே இல்லை.

ஆனால் தப்பி நிற்கும் ஒரு வீட்டின் மரத்தை மீண்டும் வாங்க முடியாது. தீவில் இயற்கைக் காடு 2 சதவீதத்துக்கும் குறைவாகவே மிஞ்சியிருக்கிறது. மோகாவின் யுரேகா, மாபூவின் லாபூர்தொன்னே போன்ற பழைய மாளிகைகள் பார்வையாளர் வருகையால் தம்மைக் காத்துக்கொள்கின்றன. தெருவோரத்துச் சிறிய வீட்டுக்கு அந்த வழி இல்லை. பிரெஞ்சுச் சட்ட மரபில் பிள்ளைகள் அனைவருக்கும் பங்கு உண்டு. பங்காளிகள் பிரியாமல் காத்திருக்கும் ஆண்டுகளில் கூரை ஒழுகி, அடிச்சட்டம் அழுகி, வீடு தானே விழுந்துவிடுகிறது.

இரண்டு வீடுகளின் விலையையும் ஒப்பிட வேண்டுமானால், ஒவ்வொன்றும் எங்கே தோற்கும், அதைச் சரிசெய்ய என்ன செலவாகும் என்று கேட்க வேண்டும். மர வீடு தோற்கும் இடம் கூரை, சுவர், அடித்தளம் சேரும் இணைப்புகள். ஆணிக்குப் பதில் திருகாணி, துத்தநாகம் பூசிய இரும்புப் பட்டை, உறுதியான சன்னல் கதவு இருந்தால் கூரையின் இழுப்பு படிப்படியாகக் கல் மேடைக்கு இறங்கும். இவையெல்லாம் கண்ணுக்குத் தெரியும் இடங்களில், ஒவ்வொன்றாக மாற்றக்கூடிய வேலைகள். கான்கிரீட் வீடு தோற்கும் இடம் அதன் உள்ளே புதைந்த கம்பி. அதைச் சரிசெய்யத் தளத்தையே உடைக்க வேண்டும். கரையானும் அழுகலும் அடிச்சட்டத்தை முழுதாகத் தின்றிருந்தால் மர வீட்டை இடிப்பதே நியாயம். அப்படி இல்லாதபோது, இடிப்பதற்கு முன் இணைப்புகளைப் பலப்படுத்த ஆகும் செலவையும், அதே பரப்பில் புது வீடு கட்ட ஆகும் செலவையும் ஒரு கட்டடப் பொறியாளரிடம் எழுத்தில் வாங்குங்கள். சிமெண்டும் இரும்பும் கப்பலில் வரும் தீவில், ரூபாய் சரியும் ஒவ்வொரு முறையும் அந்த இரண்டாவது தொகை உயர்கிறது.