பின்பாரம்: ஃபைன் ஏர் விமானம் ஏன் விழுந்தது?

மாட்டு வண்டியில் நெல் மூட்டை ஏற்றிப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாரம் பின்னால் போய்விட்டால் நுகத்தடி மேலே தூக்கும், பூட்டாங்கயிறு மாட்டின் கழுத்தை இறுக்கும், மேட்டில் ஏறினால் மாட்டோடு சேர்த்தே தூக்கிவிடுமோ என்று பயமாக இருக்கும். வண்டிக்காரர் இறங்கி, "பின்பாரமா இருக்கு" என்று சொல்லிவிட்டு இரண்டு மூட்டையை முன்னால் இழுத்துப் போடுவார். அவ்வளவுதான், சரியாகிவிடும். விமானத்திலும் இதே பின்பாரம், முன்பாரம் உண்டு. ஆனால் அங்கே அது தெரியவரும்போது வண்டி காற்றில் இருக்கும்.

90-களின் தொடக்கத்தில் மயாமியிலிருந்து பறக்கத் தொடங்கிய சரக்கு விமான நிறுவனம் ஃபைன் ஏர். தென்னமெரிக்காவுக்கும் கரீபியன் தீவுகளுக்கும் துணி, இயந்திரப் பாகம், மின்னணுச் சாமான் எல்லாம் மயாமி வழியாகத்தான் போகும். திரும்பி வரும்போது பூவும் மீனும் வரும். இந்தத் தொழிலில் புது விமானம் வாங்கினால் கட்டுப்படியாகாது. பயணிகள் நிறுவனங்கள் கழித்துவிட்ட பழைய ஜெட்டுகளை வாங்கி, இருக்கைகளைப் பிடுங்கிவிட்டு, இடது பக்கம் முன்புறம் பெரிய கதவு வைத்து ஓட்டுவார்கள். மயாமி விமான நிலையத்தின் வடமேற்கு மூலையில் இப்படிப்பட்ட கிழட்டு விமானங்கள் அப்போது வரிசையாக நிற்கும், அந்த இடத்துக்கே 'துரு மூலை' என்றுதான் பட்டப்பெயர் இருந்தது. ஃபைன் ஏர் ஓட்டியது டிசி-8 ரக விமானங்கள். பழசு என்றாலும் திடமான விமானம். இந்தக் கதையில் தப்பு அதன்மேல் இல்லை.

சொந்தமாகச் சரக்கு பிடிப்பதோடு, விமானத்தை விமானிகளோடு சேர்த்து அடுத்தவர்களுக்கு வாடகைக்கும் விடுவார்கள். 1997 ஆகஸ்ட் 7 அன்று போனது அப்படி ஒரு வாடகை ஓட்டம். ஏரோமார் என்ற நிறுவனத்துக்காக, டொமினிக்கன் குடியரசின் சாண்டோ டொமிங்கோவுக்கு ஜீன்ஸ் துணி, ஏறக்குறைய 40 டன். சரக்கை ஏற்றுவது ஏரோமாரின் வேலை, ஓட்டுவது ஃபைன் ஏரின் வேலை.

இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்கலாம், பயப்பட வேண்டாம், தராசுக் கணக்குதான். விமானத்தின் மொத்த எடையும் ஒரே புள்ளியில் குவிந்திருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், அதுதான் எடை மையம். இறக்கை மேலே தூக்கும் விசையும் ஏறக்குறைய அதே இடத்தில், சற்றே பின்னால் செயல்படும்படி வடிவமைத்திருப்பார்கள். அதனால் மூக்கு லேசாகக் கவிழப் பார்க்கும், அதைச் சரிக்கட்ட வாலில் இருக்கும் படுக்கைச் சிறகு வாலைக் கீழே அழுத்திக்கொண்டே இருக்கும். (வால் தூக்குவதற்காக இருக்கிறது என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.) எடை மையம் பின்னால் போகப் போக வால் அழுத்த வேண்டிய அளவு குறையும், விமானி கையை லேசாக அசைத்தாலே மூக்கு எம்பும். ஒரு எல்லைக்கு அப்பால் மூக்கைக் கீழே இறக்க வாலுக்கு வலு போதாது.

அந்த எல்லை எவ்வளவு குறுகியது என்பதுதான் ஆச்சரியம். நீட்டிக்கப்பட்ட டிசி-8 விமானத்தின் நீளம் 57 மீட்டர், எடை மையம் நகர அனுமதி ஒன்றிரண்டு மீட்டருக்குள்தான். உத்தேசமாக 100 டன் எடையுள்ள விமானத்தில் 2 டன் சரக்குத் தட்டு (சரக்கை அடுக்கிக் கட்டும் அகலமான பலகை) ஒன்றை 20 மீட்டர் பின்னால் தள்ளினால் எடை மையம் 40 சென்டிமீட்டர் நகர்ந்துவிடும். ஒரே ஒரு தட்டுக்கே இவ்வளவு என்றால், பதினெட்டு தட்டு வைக்கும் இடமுள்ள அந்த விமானத்தில் இரண்டு மூன்று இடம் மாறினால்?

அன்று நடந்தது இதுதான். முதலில் வேறொரு டிசி-8 போவதாக இருந்தது, அது வர தாமதமானதால் விமானத்தை மாற்றினார்கள். ஒரே ரகம் என்றாலும் ஒவ்வொரு விமானத்துக்கும் காலி எடை வேறு, எடை மையம் வேறு. ஒன்றுக்குப் போட்ட கணக்கு இன்னொன்றுக்குப் பொருந்தாது. தட்டுகளை முன்கதவு வழியாக ஏற்றி, தரையில் இருக்கும் உருளைகள்மேல் பின்னால் தள்ளி, தரைப் பூட்டுகளை நிமிர்த்தி மாட்ட வேண்டும். விபத்துக்குப் பிறகு சிதறலிலிருந்து மீட்ட பூட்டுகளில் பெரும்பாலானவை மாட்டப்படாமலே இருந்தன. தாளில் இருந்த கணக்கும் விமானத்துக்குள் இருந்த சரக்கும் ஒன்றாக இல்லை.

விமானிக்கு இது எப்படித் தெரியும்? தெரியாது. எடை போட்டுப் பார்க்கும் தராசு அந்த விமானத்தில் இல்லை, கையில் கொடுத்த தாளை நம்பித்தான் வாலின் படுக்கைச் சிறகை எந்தக் கோணத்தில் வைப்பது என்று முடிவுசெய்வார். இதற்கு டிரிம் என்று பெயர். தாள் தப்பு என்றால் டிரிம்மும் தப்பு. ஏற்கனவே பின்பாரம், அதற்குமேல் மூக்கைத் தூக்கும்படி வைத்த வால்.

பகல் பன்னிரண்டரை மணி வாக்கில் விமானம் ஓடுபாதையை விட்டு எழுந்ததும் மூக்கு நிற்காமல் மேலே ஏறியது. மூக்கு செங்குத்தாகப் போகப் போக இறக்கைமேல் காற்று ஒட்டி ஓடாமல் பிய்ந்து கலையும், தூக்கும் விசை சட்டென்று போய்விடும். இந்த நிலையிலிருந்து மீள மூக்கைக் கவிழ்த்து வேகம் பிடிக்க வேண்டும். அதற்கு உயரமும் வேண்டும், கீழ்ப்படியும் வாலும் வேண்டும். இரண்டும் இல்லை. ஓடுபாதையைத் தாண்டிச் சற்றுத் தொலைவில், ஒரு சாலையை ஒட்டி விழுந்தது. விமானத்தில் இருந்த நால்வரும் தரையில் காரில் இருந்த ஒருவரும் இறந்தார்கள்.

சரக்கு நகர்ந்துதான் விபத்து என்று முதலில் பலர் நினைத்தார்கள். நகர்ந்து விழுந்த விமானங்களும் உண்டு: 2013-இல் ஆப்கானிஸ்தானின் பக்ராமில் போயிங் 747 ஒன்றில் ஏற்றியிருந்த கவச வாகனம் கட்டு அறுந்து பின்னால் பாய்ந்து, வாலை இயக்கும் அமைப்பையே உடைத்துவிட்டது. மயாமியில் நகர வேண்டிய தேவையே இருக்கவில்லை, ஏற்றும்போதே தப்பான இடத்தில்தான் இருந்தது என்பது அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியத்தின் முடிவு. ஏற்றியது ஏரோமார், ஆனால் சரியாக ஏற்றினார்களா என்று பார்க்க வேண்டியது ஃபைன் ஏரின் பொறுப்பு என்று இரண்டு பேரையும் குற்றம் சொன்னது. எனக்கு இதில் இரண்டாவதுதான் கனமாகப் படுகிறது, வண்டி ஓட்டுபவன் இறங்கிப் பார்த்திருக்க வேண்டும்.

ஃபைன் ஏரின் பங்குகள் சந்தைக்கு வந்ததும் விபத்து நடந்த அதே வாரத்தில்தான். செப்டம்பரில் பறப்பதை நிறுத்தினார்கள், அக்டோபர் கடைசியில் மறுபடி தொடங்கினார்கள். 1999-இல் ஆரோ ஏர் (Arrow Air) என்ற இன்னொரு மயாமி சரக்கு நிறுவனத்தை வாங்கினார்கள், 2000-இல் திவால் மனு போட்டார்கள். 2002-இல் மீண்டு வந்தபோது, தாங்கள் வாங்கிய நிறுவனத்தின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். ஃபைன் ஏர் என்ற பெயர் அதோடு போயிற்று.