பாதிக் காற்றைத் திறந்துவிடுங்கள்

பாலைவனங்களும் மண்சாலைகளும் கடந்து பல நாடுகள் வழியாகச் செல்லும் தரைவழி நெடும்பயணத்துக்கு ஆயத்தமாகும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "இரண்டு வண்டிகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒன்றில் எஞ்சின் பெரியது, 20 அங்குல ரிம். மற்றது சற்றுப் பழையது, எஞ்சின் சிறியது, 17 அங்குல ரிம். இரண்டுமே நான்கு சக்கர இயக்கம் கொண்டவை. எதை வாங்கலாம்? கூடவே என்னென்ன கருவிகள் வேண்டும்?"

இரண்டாவது வண்டியை வாங்குங்கள். காரணம் எஞ்சினில் இல்லை, டயரின் பக்கச்சுவரில், அதாவது ரிம்முக்கும் தரையைத் தொடும் பகுதிக்கும் இடையே உள்ள ரப்பர்ச் சுவரில் இருக்கிறது.

நான்கு சக்கர இயக்கத்தைப் பற்றி ஒரு சொல் மட்டும் சொல்லிவிடுகிறேன். டிஃபரன்ஷியல் என்பது எஞ்சினின் விசையை இரு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துத் தரும் பற்சக்கர அமைப்பு. சாதாரண டிஃபரன்ஷியல் ஒரே அச்சின் இரு சக்கரங்களுக்கும் சம அளவு முறுக்குவிசையைத்தான் தரும். ஒரு சக்கரம் பிடிமானம் இழந்து சும்மா சுழன்றால், மறுபக்கச் சக்கரத்துக்கும் அந்த அற்ப விசையே கிடைக்கும். எனவே பின் அச்சில், இரு சக்கரங்களையும் ஒன்றாகச் சுழலவைக்கும் டிஃபரன்ஷியல் பூட்டு இருந்தால் நல்லது. ஆனால் பூட்டு, எஞ்சின், கியர் எல்லாம் சேர்ந்து எத்தனை விசையை உருவாக்கினாலும், அதைத் தரையில் ஊன்றுவது நான்கு சிறிய ரப்பர்த் தடங்கள். அந்தத் தடங்களின் பரப்பைத் தீர்மானிப்பது உள்ளே இருக்கும் காற்று.

கணக்கைப் பாருங்கள். பயணச் சுமையுடன் வண்டியின் எடை 2,800 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு சக்கரத்தின் பங்கு 700 கிலோ. டயரில் 35 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 35 பவுண்டு அழுத்தம். டயரின் விறைப்பும் கொஞ்சம் எடையைத் தாங்குகிறது. அதை விட்டுவிட்டால், 700 கிலோவைத் தாங்கத் தேவையான பரப்பு சுமார் 280 சதுர செ.மீ. ஓர் ஏ4 தாளில் பாதியைவிடவும் குறைவு. இப்போது காற்றைப் பாதியாக இறக்குங்கள். அதே எடையைத் தாங்க இரு மடங்குப் பரப்பு வேண்டும். டயர் தானாகவே தளர்ந்து, ஏறத்தாழ ஒரு முழு ஏ4 தாளின் அளவுக்குத் தரையில் படிந்துகொள்கிறது. செலவு எதுவும் இல்லை. வால்வு மூடியைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஊசியை அழுத்தினால் போதும்.

இந்தப் பரப்பு எந்தத் திசையில் வளர்கிறது என்பதுதான் என்னை இன்றும் வியக்க வைக்கிறது. பலரும் டயர் அகலமாகப் பரவுகிறது என்று நினைக்கிறார்கள். அகலம் கொஞ்சம்தான் கூடுகிறது. பெரும்பாலும் வளர்வது நீளம்.

நீளம் ஏன் முக்கியம் என்று புரிய, மணலுக்குள் போக வேண்டும். உலர்ந்த மணலில் துகள்களை ஒட்ட வைக்கும் பசை எதுவும் இல்லை. ஒன்றோடொன்று உரசும் உராய்வு மட்டுமே அதன் வலிமை. குறுகிய பரப்பில் பெரும் அழுத்தம் விழுந்தால் துகள்கள் பக்கவாட்டில் நழுவி ஒதுங்கும், சக்கரம் அமிழும். அமிழ்ந்த சக்கரத்துக்கு முன்னால் ஒரு சிறு மணல்மேடு எழும். சக்கரம் அதன் மீது ஏற முயலும், ஏறுவதற்குள் மறுபடி அமிழும், மறுபடி மேடு. சமவெளியில் ஓடினாலும் வண்டி முடிவில்லாத ஏற்றத்தில் ஏறிக்கொண்டிருக்கிறது. பதற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்தால் நழுவும் சக்கரம் மணலைப் பின்னால் வாரி எறிந்து தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும். எஞ்சின் பெரிதாக இருந்தால் குழி விரைவாக ஆழமாகும்.

இனி, நீண்ட தடம் செய்யும் அற்புதம். நழுவாமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணத்தில் அசையாமல் நிற்கிறது என்று பள்ளியில் படித்திருப்போம். வண்டி மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போனாலும், டயரின் அடிப்பகுதி தரையோடு ஒப்பிட்டால் நகர்வதில்லை. காற்றைக் குறைத்ததும் அந்த ஒரு புள்ளி நீண்ட தட்டையான பட்டையாகிறது. டயரின் ஒரு பகுதி முன்னால் மெல்ல மணல்மீது வைக்கப்படுகிறது. வண்டி அதன்மேல் கடந்து செல்லும்வரை அங்கேயே கிடக்கிறது. பின்னால் மெல்ல உரிந்து எழுகிறது. டாங்கி, புல்டோசரின் சங்கிலிப் பட்டை செய்யும் அதே வேலை! வண்டியை முன்னே தள்ளும் விசை நீளம் முழுவதும் பகிரப்படுவதால், எந்த ஒரு துகளின் மீதும் அதன் உராய்வு தாங்க முடியாத இழுவிசை விழுவதில்லை. மணல் கலையாமல் அழுந்துகிறது, அவ்வளவுதான். நன்றாகக் காற்றிறக்கிய வண்டி கடந்துபோன தடத்தைக் குனிந்து பாருங்கள்: டயரின் பூ வேலைப்பாடு அச்சுக் குத்தியதுபோல் தெளிவாக இருக்கும். அச்சு சிதைந்திருந்தால் சக்கரம் நழுவியிருக்கிறது என்று பொருள்.

அகலமான டயர் வாங்கினால் இதே பலன் கிடைக்காதா? ஓரளவு கிடைக்கும். ஆனால் அகலமான சக்கரம் தன் முன்னால் அகலமான மணல்மேட்டை எழுப்புகிறது; அதைத் தள்ளவும் விசை வேண்டும். நீண்ட தடத்துக்கு அந்தச் சுமை இல்லை.

பாலைவனத்தில் இதை முறையாகப் பயன்படுத்தியவர்களில் முக்கியமானவர் ரால்ஃப் பேக்னால்ட். எகிப்தில் பணியாற்றிய பிரிட்டிஷ் ராணுவப் பொறியாளர். 1920களின் பிற்பகுதியில் நண்பர்களுடன் ஃபோர்டு கார்களை ஓட்டிக்கொண்டு லிபியப் பாலைவனத்துக்குள் போனார். 1932இல் அதைக் கிழக்கிலிருந்து மேற்காகக் கடந்தார். டயரில் காற்றைக் குறைத்தார். சிக்கிய சக்கரத்துக்கு அடியில் போட, முதல் உலகப் போரில் பதுங்குகுழிகளுக்குக் கூரையாக இருந்த எஃகுத் தகடுகளைப் பழைய பொருள் கடையில் வாங்கினார். இன்று பயணிகள் கூரையில் கட்டிக்கொண்டு போகும் வண்ண வண்ண மணல் பலகைகளின் முன்னோடி அவைதான். காரின் இரும்பு காந்தத் திசைகாட்டியைக் குழப்பியதால் சூரிய நிழலைக் கொண்டு திசை அறியும் கருவியைச் செய்தார். ரேடியேட்டரில் கொதித்து வெளியேறும் நீராவியைக் குழாய் வழியாகத் தண்ணீர் உள்ள ஒரு கலனுக்குள் செலுத்தி, குளிரவைத்து மீட்டார்.

அந்தப் பயணங்கள் அவருக்குள் ஒரு கேள்வியை விதைத்தன: காற்று மணலை எப்படி நகர்த்துகிறது? இங்கிலாந்து திரும்பியதும் காற்றுச் சுரங்கம் அமைத்து ஆராய்ந்தார். 1941இல் அந்த முடிவுகள் நூலாக வந்தன. பின்னாளில் செவ்வாய்க் கோளின் மணல்மேடுகளைப் புரிந்துகொள்ளவும் அந்த நூல் உதவியது. மணல்மேட்டை ஆராய்வதால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்டு நிதியை வெட்டுபவர்களிடம் இந்தக் கதையைச் சொல்ல விரும்புகிறேன். 2007இல் மூன்று இயற்பியலாளர்கள் வட்டமான மணல் மேடையில் ஒரு சக்கரத்தை உருட்டி, மண்சாலைகளில் ஏன் அலை அலையாக மேடுபள்ளம் உருவாகிறது என்று ஆராய்ந்தார்கள். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டினால், வண்டியில் ஸ்பிரிங் இல்லாவிட்டாலும் அலை உருவாகியே தீரும் என்று காட்டினார்கள். அந்தச் சாலைகளில் நாள் முழுக்க உடம்பு குலுங்கப் பயணம் செய்த எவரும் இதை வீண் ஆராய்ச்சி என்று சொல்ல மாட்டார்கள். இத்தகைய எளிய கேள்விகளுக்கு எங்கும் இன்னும் தாராளமாகப் பணம் ஒதுக்கப்பட வேண்டும்.

நிலவில் கூட இதே தத்துவம்தான் ஓடியது. 1971இல் அப்பல்லோ 15 எடுத்துச் சென்ற நிலவு வண்டியின் சக்கரங்களில் காற்று இல்லை. துத்தநாகம் பூசிய எஃகுக் கம்பிகளால் பின்னிய வலை. எடை விழும்போது அந்த வலை நெகிழ்ந்து படியும், காற்றிறக்கிய டயரைப் போலவே. ஒட்டகத்தின் பாதமும், எடை விழும்போது விரிந்துகொடுக்கும் மெத்தைதான்.

இப்போது 17 அங்குல ரிம்முக்கு வருவோம். 265/70 ஆர் 17 என்று ஒரு டயரில் எழுதியிருந்தால் அகலம் 265 மி.மீ.; பக்கச்சுவரின் உயரம் அதில் 70 விழுக்காடு, அதாவது 185 மி.மீ. 265/50 ஆர் 20 என்றால் பக்கச்சுவர் 132 மி.மீ. மட்டுமே. தளர்ந்து படிய முதலாவதில்தான் இடம் இருக்கிறது. இரண்டாவதில் அதே அளவு காற்றை இறக்கினால், ஒரு கல் இடித்தாலே ரிம் வளையும். பார்வைக்கு அழகான பெரிய ரிம், பாலைவனத்தில் உங்களிடமிருந்து பறிப்பது இந்த 53 மி.மீ.தான்.

எதற்கும் எல்லை உண்டு. மிகவும் குறைத்துவிட்டு வேகமாகத் திரும்பினால் டயர் ரிம்மை விட்டு நழுவிவிடும். மென்மணலில் 18 பிஎஸ்ஐயில் தொடங்கி, தேவைப்பட்டால் சிறிது சிறிதாகக் குறைக்கலாம். ஆனால் அப்போது வேகத்தையும் குறைத்தாக வேண்டும். கெட்டியான சாலைக்கு வந்ததும் மறக்காமல் நிரப்ப வேண்டும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் சக்கரம் வினாடிக்கு ஒன்பது முறை சுழல்கிறது; ஒவ்வொரு சுற்றிலும் பக்கச்சுவர் மடிந்து நிமிர்கிறது. ரப்பர் தான் வாங்கிய ஆற்றல் முழுவதையும் திருப்பித் தருவதில்லை, மிச்சம் வெப்பமாகிறது. தளர்ந்த டயரில் மடிப்பு அதிகம், வெப்பமும் அதிகம். அதுவே டயர் வெடிக்கக் காரணம்.

ஆகவே நல்ல அழுத்தமானியும் காற்று கம்ப்ரசரும்தான் கருவிப் பட்டியலில் முதலில் வர வேண்டும். இந்த அளவு டயரின் உள்ளே தோராயமாக 75 லிட்டர் இடம் இருக்கிறது. 17 பிஎஸ்ஐ கூட்ட ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 90 லிட்டர் வெளிக்காற்று வேண்டும். நான்குக்கும் 360 லிட்டர். நிமிடத்துக்கு 70 லிட்டர் தள்ளும் கம்ப்ரசருக்கு அது ஐந்தாறு நிமிட வேலை. 20 லிட்டர் தள்ளும் பொம்மைக்குப் பதினெட்டு நிமிடம். அதற்குள் அது சூடேறி நின்றுவிடும். அமுக்கப்படும் காற்று சூடாகும் என்பது சைக்கிள் பம்பைத் தொட்டவர் அறிந்ததே. எனவே "தொடர்ந்து எத்தனை நிமிடம் ஓடும்?" என்று கேட்டு வாங்குங்கள்.

நைட்ரஜன் நிரப்பினால் வெயிலில் அழுத்தம் ஏறாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அறிவியல் வேடமிட்ட மூடநம்பிக்கை அது. காற்றிலேயே 78 விழுக்காடு நைட்ரஜன்தான். வெப்பநிலை 10 டிகிரி செல்சியஸ் ஏறினால் 35 பிஎஸ்ஐ டயரில் எந்த வாயுவாக இருந்தாலும் ஒன்றரை பிஎஸ்ஐக்குச் சற்று மேல் கூடும்.

மற்றவை எளியவை: ஒரு மண்வாரி, இரண்டு மணல் பலகைகள், இழுவைக் கயிறு, கூடுதல் டயர். கூரையில் எடையை ஏற்றாதீர்கள். ஏற்றும் ஒவ்வொரு கிலோவும் மணலை இன்னும் அழுத்தும். உயரத்தில் இருந்தால் வண்டியைக் கவிழ்க்கவும் பார்க்கும்.

வண்டி வந்ததும் ஒரு சோதனை செய்யுங்கள். முழுச் சுமையையும் ஏற்றிச் சமதளத்தில் நிறுத்தி, டயருக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு தாளை முட்டும்வரை செருகி, இரண்டுக்கும் இடையே உள்ள தூரத்தை அளந்து குறித்துக்கொள்ளுங்கள். 35இல் ஒரு முறை, 25இல் ஒரு முறை, 18இல் ஒரு முறை. தாள்கள் ஒவ்வொரு முறையும் விலகுவதைக் கண்ணாலேயே காணலாம். அந்த மூன்று எண்களையும் ஓட்டுநர் கண்ணில் படும் இடத்தில் எழுதி ஒட்டிவையுங்கள்.